முன்விண்ணப்பத்தில் முன்னாள் மாணவர் நேர்காணல்: பிள்ளையை எவ்வளவு பழக்குவது?

எடிசன்வாசி | நவம்பர் 12, இரவு 9.40

வணக்கம். நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகள் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நவம்பர் 1 கெடுவுக்குள் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ரெஸ்ட்ரிக்டிவ் எர்லி ஆக்‌ஷன் முறையில் (முன்கூட்டியே விண்ணப்பித்து டிசம்பரிலேயே முடிவு தெரிந்துகொள்ளும் முறை; கிடைத்தாலும் சேர்ந்தே ஆக வேண்டும் என்பதில்லை) விண்ணப்பித்துவிட்டாள். பெயர் இங்கே வேண்டாம். நேற்று அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அங்கே படித்துவிட்டு இப்போது எங்கள் ஊர்ப் பக்கம் வசிக்கும் ஒருவர், வரும் சனிக்கிழமை காலை பொது நூலகத்தில் சந்திக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

அந்த மின்னஞ்சலைப் பார்த்ததிலிருந்து எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கணவர் இணையத்தில் தேடி ஒரு கட்டுக் கேள்விகளை அச்சடித்துக்கொண்டு வந்துவிட்டார். அவருடைய அலுவலக நண்பர் ஒருவர், மணிக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு ஒத்திகை நேர்காணல் நடத்தும் பயிற்சியாளரின் எண்ணைக் கொடுத்திருக்கிறார். மகளோ அதிகம் பேசாதவள். தெரிந்தவர்களிடம் நன்றாகப் பேசுவாள். புதியவர்கள் என்றால் இரண்டு வார்த்தையில் நிறுத்திவிடுவாள்.

இந்த நேர்காணலுக்கு உண்மையில் எவ்வளவு மதிப்பு? வருகிறவர் கையில் மகளுடைய மதிப்பெண்கள் இருக்குமா? மூன்று நாளில் பயிற்சி கொடுத்தால் பலன் உண்டா? நாங்கள் நூலகத்துக்குள் வந்து உட்காரலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

பிளேனோ அப்பா | நவம்பர் 12, இரவு 10.15

பயப்படாதீர்கள். என் மகனுக்கு நேர்காணலுக்கான அழைப்பே வரவில்லை, இடம் கிடைத்தது. அவனுடைய நண்பன் ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டு வந்தான்; கிடைக்கவில்லை. பிரவுன் பல்கலைக்கழகம் நேர்காணலை நிறுத்திவிட்டு, மாணவர்களே எடுத்து அனுப்பும் சின்ன வீடியோவை வைத்துக்கொண்டது. கொலம்பியாவும் நிறுத்திவிட்டது. கார்னெலில் கட்டடக்கலை போன்ற ஓரிரு படிப்புகளைத் தவிர மற்றவற்றுக்குக் கிடையாது. அவ்வளவு முக்கியமாக இருந்தால் இவர்களெல்லாம் கைவிட்டிருப்பார்களா? பயிற்சியாளருக்குக் கொடுக்கும் பணத்தைச் சேமித்து வையுங்கள், கல்லூரிக் கட்டணத்துக்கு ஆகும்.

---

வேப்பமரத்தடி | நவம்பர் 12, இரவு 11.52

சகோதரி, நான் பாஸ்டன் பக்கம் இருக்கிறேன். நான் படித்த பல்கலைக்கழகத்துக்காகக் குளிர்காலந்தோறும் விண்ணப்பதாரர்களைச் சந்தித்து அறிக்கை எழுதுகிறேன். அதனால் மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். விதிகள் இடத்துக்கு இடம் மாறும் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கெடு முடிந்ததும் எங்கள் வட்டாரத்தின் பெயர்கள் தன்னார்வலர்களுக்குப் பிரித்துத் தரப்படும். என் கைக்கு வருவது மாணவரின் பெயர், பள்ளி, மின்னஞ்சல், தொலைபேசி எண். சில நேரம் எந்தத் துறையில் ஆர்வம் என்ற குறிப்பு. ஜி.பி.ஏ. என்ற பள்ளி மதிப்பெண் சராசரி தெரியாது, எஸ்.ஏ.டி. நுழைவுத் தேர்வு மதிப்பெண் தெரியாது, கட்டுரைகளை நான் பார்த்ததில்லை. பெரும்பாலான இடங்களில் இதுதான் வழக்கம். ஆகவே "என் கட்டுரையில் சொன்னதுபோல" என்று உங்கள் மகள் ஆரம்பித்தால், எதிரே இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. எல்லாவற்றையும் அவள்தான் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

முன்விண்ணப்பத்தில் எங்களுக்குக் கிடைக்கும் காலம் மிகக் குறைவு. டிசம்பர் நடுவில் முடிவு வந்துவிடும் என்பதால், நவம்பர் முடிவதற்குள் சந்தித்து அறிக்கையையும் அனுப்பியாக வேண்டும். நாங்களும் வேலைக்குப் போகிறவர்கள். எனவே மின்னஞ்சலுக்கு ஒரு நாளுக்குள் பதில் போட்டுவிடுவது நல்லது. பதில் அவள் கைப்பட இருக்கட்டும்; அம்மாவோ அப்பாவோ எழுதினால் முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது.

மதிப்பு பற்றி: பாடங்களின் கடினம், மதிப்பெண்கள், ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், கட்டுரைகள் ஆகியவற்றுக்கெல்லாம் பிறகுதான் எங்கள் அறிக்கை. நான் மனதாரப் பாராட்டி எழுதிய பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இடம் கிடைக்கவில்லை. நூறு பேர் விண்ணப்பித்தால் ஐந்து பேரைக்கூட எடுக்காத இடங்களில் வேறு எப்படி இருக்கும்? ஆனாலும் பிளேனோ நண்பர் சொல்வதுபோல அதை வெறும் சடங்கு என்று தள்ளிவிட மாட்டேன். ஜார்ஜ்டவுனில் முடிந்தவரை எல்லா விண்ணப்பதாரரையும் முன்னாள் மாணவர் ஒருவர் சந்திப்பது விண்ணப்பத்தின் ஓர் அங்கமாகவே வைக்கப்பட்டிருக்கிறது. யேலில், யாரைப் பற்றிச் சேர்க்கை அலுவலகத்துக்குக் கூடுதலாகத் தெரிய வேண்டுமோ அவர்களுக்கு முன்னுரிமை. எம்.ஐ.டி.யில் நேர்காணல் செய்பவர்களுக்குக் கல்வி ஆலோசகர் என்றே பெயர்.

நான் என்ன எழுதுகிறேன் என்பதற்கு ஓர் உதாரணம் தருகிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். ஒரு பையன் வந்தான். ரோபாட்டிக்ஸ் அணித் தலைவன், பரிசுகள் வாங்கியவன். அதைப் பற்றிக் கேட்டதும் தங்குதடையின்றிச் சொன்னான். எங்கேயோ கேட்ட பேச்சுப்போல இருந்தது. அரை மணி நேரம் கழித்து, பள்ளி முடிந்ததும் வீட்டுக்கு எப்படிப் போவாய் என்று சாதாரணமாகக் கேட்டேன். அவன் முகம் மாறியது. பள்ளிக்கு எதிரே நிற்கும் கடைசி பஸ், மாலைச் சங்கக் கூட்டங்கள் முடிவதற்குப் பத்து நிமிடம் முன்பே கிளம்பிவிடுகிறதாம். கார் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் அதனாலேயே எந்தச் சங்கத்திலும் சேருவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறான். காப்பிக் கடையின் காகிதத் துவாலையில் அந்தப் பஸ்ஸின் தடத்தைப் பேனாவால் வரைந்து, எந்த நிறுத்தத்தில் எத்தனை நிமிடம் வீணாகிறது என்று எனக்குக் காட்டினான். போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறான், அவர்கள் மறுத்துவிட்டார்கள். ஏன் மறுத்தார்கள் என்று கேட்டேன். ஓட்டுநரின் பணிநேரம், அடுத்த ஊரில் அந்த பஸ் பிடிக்க வேண்டிய ரயில் என்று அவர்கள் பக்கத்தை அவர்களைவிடத் தெளிவாக எடுத்துச் சொன்னான். "அவர்கள் சொன்னதும் நியாயம்தான். அதனால் இப்போது பள்ளியிடம் சங்க நேரத்தை மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்" என்றான்.

ரோபாட்டிக்ஸ் பற்றி என் அறிக்கையில் ஒரு வரி. பஸ் பற்றி இரண்டு பத்தி. தன்னை மறுத்தவர்களின் நியாயத்தையும் சொல்லத் தெரிந்த பதினேழு வயதுப் பையன் வகுப்பறையில் எப்படி இருப்பான் என்பது எந்த மதிப்பெண் பட்டியலிலும் வராது.

உங்கள் மகளுக்கும் அப்படி ஏதோ ஒன்று இருக்கும். அச்சடித்த கேள்விகளில் அது கிடைக்காது.

---

எடிசன்வாசி | நவம்பர் 13, காலை 7.05

ஐயா, மிக்க நன்றி. காலையில் மகளும் படித்தாள். தானே பதில் எழுதி அனுப்பிவிட்டாள், நாங்கள் பார்க்கவில்லை. கணவருக்கு மட்டும் இன்னும் மனம் ஆறவில்லை. "தயாரிப்பில்லாமல் எந்தத் தேர்வுக்காவது அனுப்பியிருக்கிறோமா?" என்கிறார்.

---

ஃப்ரீமான்ட்காரன் | நவம்பர் 13, காலை 10.30

உங்கள் கணவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வேப்பமரத்தடி ஐயா எழுதியதைப் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பையன் அரை மணி நேரம் கழித்துத்தான் வாய் திறந்தான். கேள்வி கேட்டவர் பொறுமைசாலி. இருபது நிமிடத்தில் முடித்துக்கொண்டு போகிறவராக இருந்தால்?

என் அலுவலகத்தில் அமெரிக்க நண்பர்களின் வீடுகளுக்குப் போயிருக்கிறேன். பத்து வயதுப் பிள்ளை விருந்தினருக்குக் கை கொடுத்து, உங்கள் வேலை என்ன, பிடித்திருக்கிறதா என்று கேட்கிறது. சாப்பாட்டு மேசையில் அரசியல் பேசுகிறது. நாமோ, பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று சொல்லி வளர்த்தோம். விருந்தினர் வந்தால் வணக்கம் சொல்லிவிட்டு அறைக்குள் போய்ப் படி என்றோம். பதினேழு வருடம் வாயைக் கட்டிவைத்துவிட்டு, ஒரு சனிக்கிழமை காலை அறுபது வயது மனிதர் முன்னால் உட்கார்ந்து உன்னைப் பற்றிப் பேசு என்றால், அந்தப் பிள்ளை என்ன செய்யும்? எதிர்வீட்டுப் பிள்ளைக்கு வீட்டிலேயே கிடைத்துவிட்ட பயிற்சியை நாம் காசு கொடுத்து வாங்குகிறோம். அதில் என்ன தவறு?

சேர்க்கையில் ஆசிய மாணவர்களிடம் பாகுபாடு காட்டுவதாக ஹார்வர்டு மீது போட்ட வழக்கில் என்ன வெளியே வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஆசியப் பிள்ளைகளுக்குப் படிப்பில் உயர்ந்த மதிப்பு, ஆளுமை என்ற இடத்தில் குறைந்த மதிப்பு. நம் பிள்ளைகள் பேசத் தெரியாதவர்கள் என்று முடிவு கட்டிவைத்திருக்கிறார்கள். அந்த எண்ணத்தை உடைக்கப் பயிற்சி கொடுத்தே ஆக வேண்டும்.

---

தீர்ப்புப்பிரதி | நவம்பர் 13, பிற்பகல் 1.20

ஃப்ரீமான்ட் நண்பரே, அந்த வழக்கை நான் ஆரம்பத்திலிருந்து பின்தொடர்ந்தவன். அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவும் வழக்கில் வெளிவந்த சான்றும் எதிரெதிர்த் திசையில் போகின்றன.

ஹார்வர்டில் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் படிப்பு, பாடத்துக்கு வெளியே உள்ள செயல்பாடு, விளையாட்டு, ஆளுமை என்று தனித்தனி மதிப்பு போடுவார்கள். 1 என்றால் மிகச் சிறப்பு. எண் கூடக் கூட மதிப்பு குறையும். வழக்கு 2014 நவம்பரில் தொடுக்கப்பட்டது. வாதியின் பக்கம் 1,60,000க்கும் மேற்பட்ட மாணவர் பதிவுகளை ஆராய்ந்தார்கள். சேர்க்கை அலுவலகம் போட்ட ஆளுமை மதிப்பில் ஆசிய அமெரிக்க மாணவர்கள் மற்ற இனத்தாரைவிடக் கீழே இருந்தார்கள் என்பது உண்மை.

நீங்கள் விட்டுவிட்ட பகுதி இது: முன்னாள் மாணவர் நேர்காணலாளர்களும் தனியாக ஆளுமை மதிப்பு போடுவார்கள். அதில் ஆசியப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். குறைத்துப் போட்ட அலுவலக அதிகாரிகளில் பெரும்பாலோர் அந்தப் பிள்ளைகளைப் பார்த்ததே இல்லை. தாளைப் படித்துப் போட்டவர்கள். நேரில் உட்கார்ந்து பேசியவர்களுக்கு அந்தக் குறை தெரியவில்லை.

அலுவலகம் ஏன் குறைத்தது என்பது வேறு விவாதம். 2018 அக்டோபரில் பாஸ்டனில் விசாரணை நடந்தது. 2019இல் நீதிபதி அலிசன் பரோஸ் ஹார்வர்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். வேண்டுமென்றே பாகுபாடு காட்டியதாக நிரூபணமாகவில்லை என்றார். ஆசிரியர்களும் பள்ளி ஆலோசகர்களும் எழுதும் பரிந்துரைக் கடிதங்களிலிருந்து அந்த வேறுபாடு வந்திருக்கலாம் என்றும் குறிப்பிட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் அதை உறுதி செய்தது. 2023 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம், சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கும் முறையே சட்டத்துக்கு முரணானது என்று முடிவு செய்தது.

நம் பிள்ளைகளுக்கு நேரில் பேச வராது என்ற பயத்தை அந்தச் சான்று தாங்கவில்லை. நேரில் பேசிய இடத்தில்தான் அவர்கள் சமமாக நின்றார்கள். அப்படியானால் அந்த ஒரு மணி நேரத்தில் கடைச்சரக்கான பதிலைக் கொண்டுபோய் வைப்பது, இருக்கும் பலத்தை நாமே விட்டுக்கொடுப்பதாகும்.

---

ஃப்ரீமான்ட்காரன் | நவம்பர் 13, பிற்பகல் 2.10

நேர்காணலாளர் மதிப்பு சமமாக இருந்தது எனக்குத் தெரியாது. தகவலுக்கு நன்றி. ஆனால் அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் பயிற்சி எடுத்துக்கொண்டு போனார்கள் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கூச்சமுள்ள பிள்ளைக்குப் பழக்கம் வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

---

இரண்டாமாண்டு | நவம்பர் 13, மாலை 6.45

நான் இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. எர்லி டிசிஷனில், அதாவது கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற முன்விண்ணப்ப முறையில், சேர்ந்தேன். வயதில் சிறியவள், ஆனால் இங்கே எழுதுபவர்களில் அந்த நாற்காலியில் அண்மையில் உட்கார்ந்தவள் நானாகத்தான் இருப்பேன் என்று நினைக்கிறேன்.

அங்கிள், பழக்கம் வேண்டும் என்று நீங்கள் சொல்வது சரி. எதைப் பழகுவது என்பதில்தான் எனக்கு வேறு கருத்து. என் தோழி பயிற்சியாளரிடம் போனாள். உன் பலவீனம் என்ன என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில், உன் முன்மாதிரி யார் என்றால் ஒரு பதில், எல்லாம் மனப்பாடம். அவளைச் சந்தித்த பெண்மணி அதில் ஒன்றையும் கேட்கவில்லை. "அண்மையில் எந்த விஷயத்தில் உன் கருத்தை மாற்றிக்கொண்டாய்? யார் மாற்றினார்கள்?" என்று கேட்டாராம். தோழி தயாரித்து வைத்திருந்த பதில்களில் ஒன்றை இழுத்து அதற்குப் பொருத்தப் பார்த்தாள். அது ஒட்டவில்லை என்று சொல்லிச் சொல்லி வருந்தினாள். உண்மையில் அவள் இறைச்சி சாப்பிடுவதை நிறுத்தி, அதற்காக வீட்டில் பாட்டியோடு ஒரு வருடம் வாதாடி, கடைசியில் சில விஷயங்களில் பாட்டி சொன்னதை ஒப்புக்கொண்டவள். அதைச் சொல்லியிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பாள். அந்த நேரத்தில் அது ஞாபகத்துக்கே வரவில்லை.

நான் செய்தது: எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய்ச் சில மாலைகள் சும்மா பேசினேன். அவருக்கு என் மதிப்பெண்ணோ பரிசோ ஒரு பொருட்டே இல்லை. நான் ஏதாவது சொன்னால் "அது எதற்கு?" என்பார். என் ஆய்வுத் திட்டத்தை அவருக்குப் புரியும்படி சொல்லக் கற்றுக்கொள்ள எனக்கு நேரம் ஆனது. அப்புறம் அனுப்பிய விண்ணப்பத்தை முந்தின இரவு ஒருமுறை படித்துக்கொண்டேன். நாமே எழுதியது மறந்துபோயிருக்கும். இவ்வளவுதான்.

அவரிடம் கேட்க இரண்டு கேள்வி கையில் இருக்கட்டும். எத்தனை துறைகள், எத்தனை விடுதிகள் என்று இணையதளத்தில் இருப்பதைக் கேட்கக் கூடாது. என்னைச் சந்தித்தவரிடம், அங்கே படித்தபோது எந்த வகுப்பு உங்களுக்குக் கடுப்பாக இருந்தது என்று கேட்டேன். சிரித்துவிட்டு இருபது நிமிடம் பேசினார். அந்த இடம் எப்படிப்பட்டது என்று எந்தச் சுற்றுலாவிலும் கிடைக்காத தகவல் எனக்கு அதில் கிடைத்தது.

அக்காவுக்கு ஒன்று: நீங்கள் நூலகத்துக்குள் போக வேண்டாம். அப்பா என்னை இறக்கிவிட்டு மளிகைக் கடைக்குப் போய்விட்டார். அது எனக்குப் பெரிய உதவி. உடை பற்றிக் கவலையே வேண்டாம். உறவினர் வீட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போவது போல உடுத்தினால் போதும்.

---

கோவை ஆலோசகர் | நவம்பர் 14, காலை 8.30

கோவையில் ஒரு பள்ளியில் வெளிநாட்டு விண்ணப்பங்களைக் கவனிக்கிறேன். இங்கிருந்து அனுப்புகிறவர்களும் இந்த இழையைப் படிப்பார்கள் என்பதால் சில விஷயங்கள்.

எங்கள் பிள்ளைகளுக்கு நேர்காணல் பெரும்பாலும் காணொளியில்தான். எல்லோருக்கும் வராது. அந்த ஊரில் முன்னாள் மாணவர் இருக்க வேண்டும், அவருக்கு நேரமும் இருக்க வேண்டும். வரவில்லை என்பதற்காக விண்ணப்பத்தில் குறை வைக்க மாட்டோம் என்று பல்கலைக்கழகங்கள் வெளிப்படையாகவே சொல்கின்றன. மின்னஞ்சல் ஸ்பாம் பெட்டிக்குள் போய்விடுவது அடிக்கடி நடக்கிறது. நவம்பர் முழுவதும் தினமும் பாருங்கள். நேர்காணலுக்குக் கட்டணம் என்று யாராவது கேட்டால் அது மோசடி. சந்தேகம் இருந்தால் பல்கலைக்கழகச் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதி உறுதி செய்துகொள்ளுங்கள்.

அதைவிட முக்கியமானது பணம். எர்லி ஆக்‌ஷனில் இடம் கிடைத்தாலும் மே 1 வரை யோசிக்கலாம். எர்லி டிசிஷன் அப்படியல்ல. கிடைத்தால் சேருகிறேன், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெறுகிறேன் என்று மாணவர், பெற்றோர், பள்ளி ஆலோசகர் மூவரும் கையெழுத்திடுகிறோம். கொடுக்கும் உதவித்தொகை போதாது என்றால் விலகலாம்; ஆனால் நான்கு இடத்து உதவியை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும். வெளிநாட்டு மாணவரின் பணத்தேவையைப் பார்க்காமல் சேர்க்கை முடிவு எடுக்கும் இடங்கள் மிகச் சில. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹெர்ஸ்ட், டார்ட்மவுத், போடன் போன்றவை. மற்ற இடங்களில் உதவி கேட்பதே வாய்ப்பைக் குறைக்கலாம். இதைப் பேசி முடிக்காமல், நேர்காணலில் "இதுதான் என் முதல் விருப்பம், கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருவேன்" என்று சொல்லும்படி பிள்ளையைத் தூண்டாதீர்கள். உண்மை என்றால் சொல்லட்டும்.

வேறு எங்கெல்லாம் விண்ணப்பித்தாய் என்று கேட்கக் கூடாது என்பது பல இடங்களில் நேர்காணலாளருக்கான விதி. யாராவது கேட்டுவிட்டால், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று பணிவாகச் சொன்னால் போதும்.

---

பிளேனோ அப்பா | நவம்பர் 14, காலை 9.50

எல்லாம் படித்தேன். ஒரு விஷயத்தை யாரும் பேசவில்லை. இந்த ஆளுமை மதிப்பு எங்கிருந்து வந்தது? 1920களில் ஹார்வர்டில் யூத மாணவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று பல்கலைக்கழகத் தலைவர் லோவல் 1922இல் ஒதுக்கீட்டு வரம்பு வைக்கப் பார்த்தார். வெளிப்படையாக முடியவில்லை. 1926 வாக்கில் குணநலன் என்று ஒன்றைச் சேர்த்து, புகைப்படமும் கேட்டார்கள். தேர்வில் நன்றாக எழுதியவர்களை வெளியே நிறுத்துவதற்கு, அளக்க முடியாத ஓர் அளவுகோல். அந்தப் பரம்பரையில் வந்ததுதான் இது. பணக்கார முன்னாள் மாணவர் ஒருவர், தம்மைப் போன்ற பிள்ளையைப் பார்த்தால் மனம் மகிழ்ந்து எழுதுவார். நிறுத்தியவர்கள் சரியாகத்தான் செய்தார்கள்.

---

வேப்பமரத்தடி | நவம்பர் 14, இரவு 10.40

நண்பரே, நீங்கள் சொன்ன வரலாற்றில் ஒரு வரியைக்கூட மறுக்க மாட்டேன். நான் இந்த வேலையில் சேர்ந்ததே அதனால்தான். மேசைக்கு இந்தப் பக்கம் ஒரே மாதிரி ஆட்கள் உட்கார்ந்திருந்தால் நீங்கள் பயப்படுவது நடக்கும். இப்போது இங்கே பஸ் ஓட்டுநரின் மகளாகப் படித்து வந்தவர் இருக்கிறார், என்னைப் போல இருபது வயதுக்கு மேல் இந்த நாட்டுக்கு வந்தவர் இருக்கிறார். நேர்காணலை எடுத்துவிட்டால் ஆளுமை மதிப்பு போய்விடாது. மேலே தீர்ப்புப்பிரதி சொன்னதைப் பாருங்கள்: தாளை மட்டும் பார்த்தவர்கள்தான் குறைத்துப் போட்டார்கள். நேரில் பார்த்த ஒரு சாட்சியாவது அந்தக் கோப்பில் இருக்கட்டும் என்கிறேன்.

நான் எதை எழுதுவதில்லை என்பதையும் சொல்கிறேன். உச்சரிப்பு, உடை, தோற்றம், பெற்றோரின் வேலை, எந்தக் காரில் வந்து இறங்கினான் என்பதெல்லாம் அறிக்கையில் வராது. கூச்சத்தைக் குறையாக எழுத மாட்டேன். மெதுவாக ஆரம்பிக்கும் பிள்ளைகளுக்கு முதல் கால் மணி நேரத்தை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. எல்லா நேர்காணலாளரும் அப்படி இருப்பார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. பெரும்பாலோர் பிள்ளைகளைப் பிடித்துப்போய்த்தான் சம்பளமில்லாத இந்த வேலைக்கு வருகிறார்கள்.

கெட்ட அறிக்கை எழுத வேண்டி வருவது மிக அரிது. தான் செய்ததாகச் சொன்ன ஆய்வில் இரண்டாவது கேள்விக்கே விழிப்பது, ஆசிரியரையோ உடன்படிப்பவரையோ மட்டமாகப் பேசுவது, அவ்வளவுதான் நினைவுக்கு வருகிறது. மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பரிசு கொண்டுவர வேண்டாம். தீபாவளிப் பலகாரம்தானே என்று ஒரு டப்பாவை நீட்டியவர்கள் உண்டு. அன்பு புரிகிறது, ஆனால் வாங்கினால் நான் அந்தப் பிள்ளையைப் பற்றி எழுதும் தகுதியை இழந்துவிடுவேன். மறுநாள் மகளிடமிருந்து நான்கு வரி நன்றி மின்னஞ்சல் போதும். பேசியதில் ஏதாவது ஒன்றை அவளே நினைத்து எழுதினால் நன்று.

---

எடிசன்வாசி | நவம்பர் 16, மாலை 5.30

முடிந்தது. முக்கால் மணி நேரம் என்று சொன்னார். ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. நாங்கள் உள்ளே போகவில்லை.

முதலில் தடுமாறினாளாம். என்ன படிக்க ஆசை என்று கேட்டதற்கு உயிரியல் என்று ஒரே சொல்லில் நிறுத்திவிட்டாளாம். பிறகு, வாரக் கடைசியில் என்ன செய்வாய் என்று கேட்டிருக்கிறார். என் மாமியார் எங்களோடு இருக்கிறார், சர்க்கரை நோயாளி. அவருடைய மருந்துச் சீட்டுகள், உணவு, ரத்தச் சர்க்கரை அளவு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைப்பது மகள்தான். இட்லியைவிடச் சோளக் கஞ்சி சாப்பிட்ட நாளில் அளவு ஏன் கூடுதலாகக் காட்டுகிறது என்று அவளுக்கு ஒரு சந்தேகம். பாட்டி கஞ்சியில் ரகசியமாக வெல்லம் போட்டுக்கொள்கிறார் என்று கண்டுபிடித்தது வரை சொன்னாளாம். அவர் விழுந்து விழுந்து சிரித்தாராம். அதன் பிறகு அவளே கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டாள். இதெல்லாம் விண்ணப்பத்தில் ஓரிடத்திலும் இல்லை. இதை ஒரு செயல்பாடாக எழுதலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கணவர் அச்சடித்த கட்டை மறுசுழற்சிப் பெட்டியில் அவரே போட்டுவிட்டார். ஃப்ரீமான்ட் அண்ணா, நீங்கள் சொன்னதையும் விடவில்லை. வியாழன், வெள்ளி இரண்டு மாலையும் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தாள்.

---

ஃப்ரீமான்ட்காரன் | நவம்பர் 16, இரவு 8.00

மிக்க மகிழ்ச்சி. பக்கத்து வீட்டுப் பெரியவரும் பயிற்சியாளர்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

---

எடிசன்வாசி | டிசம்பர் 13, இரவு 7.20

முடிவு வந்தது. சேர்க்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பொதுச் சுற்றுக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். சற்று அழுதாள். இப்போது பாட்டியோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அடுத்து என்ன செய்வது? அந்த நேர்காணலாளருக்கு எழுதலாமா?

---

கோவை ஆலோசகர் | டிசம்பர் 13, இரவு 9.10

சகோதரி, தள்ளிவைப்பது மறுப்பு அல்ல; மற்றவர்களோடு சேர்த்து மீண்டும் படிப்பார்கள், மார்ச் கடைசி வாக்கில் முடிவு வரும். ஆனால் அதையே நம்பி உட்கார வேண்டாம். ஜனவரி முதல் வாரத்துக்குள் கெடு முடியும் இடங்களின் கட்டுரைகளை இந்த வாரமே முடித்துவிடுங்கள். பள்ளி ஆலோசகரிடம் சொல்லி அரையாண்டு மதிப்பெண்கள் போய்ச் சேர்ந்தனவா என்று பாருங்கள். இன்னும் ஆர்வம் இருக்கிறது என்று ஒரு பக்கத்துக்குள் அலுவலகத்துக்கு ஒரு கடிதம். நவம்பருக்குப் பிறகு புதிதாக நடந்ததை மட்டும் எழுதட்டும். பல்கலைக்கழகம் அதற்கென ஒரு படிவம் வைத்திருந்தால் அதில்தான் அனுப்ப வேண்டும். பாட்டியின் நோட்டுப் புத்தகத்தை மற்ற விண்ணப்பங்களில் சேர்க்க இப்போதும் இடம் இருக்கிறது.

---

வேப்பமரத்தடி | டிசம்பர் 13, இரவு 11.25

முடிவு பற்றி நேர்காணலாளரிடம் கேட்க வேண்டாம். அவருக்கும் காரணம் தெரியாது. எங்களுக்கும் முடிவு மட்டும்தான் வரும். இரண்டாவது நேர்காணல் பொதுவாகக் கிடையாது. அவர் எழுதிய அறிக்கை கோப்பில் அப்படியே இருக்கும், மீண்டும் படிக்கும்போதும் அது முன்னால் இருக்கும். அவளே விரும்பினால், தள்ளிவைத்திருக்கிறார்கள், உங்களோடு பேசியது பிடித்திருந்தது என்று இரண்டு வரி எழுதலாம். பதில் எதிர்பார்க்காமல் எழுதட்டும்.

பொதுச் சுற்றுக்கான பெயர்கள் எங்களுக்கு ஜனவரியில் வர ஆரம்பிக்கும். அவள் வேறு இடங்களுக்கு அனுப்பினால், இன்னொரு ஊர்க்காரர் இன்னொரு நூலகத்தில் காத்திருக்கக்கூடும். சோளக் கஞ்சியை அவரிடமும் சொல்லச் சொல்லுங்கள்.